நண்டு கம்பெனியில பொம்பளைங்க ஏன் நிக்க மாட்டேங்குறாங்க?

மண்டபம்_வியாபாரி:
நண்டுச் சதை எடுக்குற யூனிட் நடத்துறேன். ஆறு மாசம் வேலை பழக்குறோம். கை தேறினதும் அடுத்த கம்பெனி, இல்லன்னா கல்யாணம், பிள்ளைப்பேறு. ஆம்பளைங்க நிக்கிறாங்க. அப்ப கூலியில வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

பாம்பன்_அக்கா:
ஒன்பது வருஷமா இதே வேலைதான் அண்ணே, உங்க யூனிட்ல இல்ல. நீச்சல் கால் பக்கத்துச் சதை உடையாம முழுசா வந்தாத்தான் விலை. ஓட்டுத் துணுக்கு ஒன்னு கெடந்தாலும் வம்பு. ஐஸ்ல வெறச்ச விரலால தடவித் தடவிப் பாக்கணும். எங்க மேசையில தரம் பிரிக்கிறது நாலு பேரு, ரெண்டு ஆம்பளை, ரெண்டு பொம்பளை. அதே தட்டு, அதே தராசு. ரிஜிஸ்டர்ல அவங்க ‘சூப்பர்வைசர்’, நாங்க ‘ஹெல்ப்பர்’. நாளுக்கு 150 ரூவா வித்தியாசம்.

தொண்டி_தம்பி:
ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு வந்தா யாருக்கா பெட்டி தூக்குறது?

பாம்பன்_அக்கா:
தூக்குறவனுக்குக் கூடக் குடுங்க தம்பி, யாரு வேணாம்னா? நான் கேக்குறது தட்டு முன்னாடி உக்காந்திருக்கவங்களப் பத்தி.

பரமக்குடி_கணக்கர்:
பேரை மாத்தினா வேலை மாறாது. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஒரே கூலின்னு 1976லயே சட்டம் வந்தாச்சு. இப்ப அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள இருக்கு. 1987ல மெக்கின்னன் மெக்கன்சி வழக்கு: பெண் ஸ்டெனோக்களுக்குச் சம்பளம் குறைச்சல். கட்டுப்படியாகாதுன்னு கம்பெனி சொல்லிப் பாத்துச்சு, உச்ச நீதிமன்றம் ஏத்துக்கல.

மண்டபம்_வியாபாரி:
அப்ப ஆம்பளைங்க கூலியக் கொறச்சிட்டா சமமாயிடும்ல? மீன்பிடித் தடைக்காலத்துல சரக்குக்கு நான் எங்க போறது?

பரமக்குடி_கணக்கர்:
கொறச்சுச் சமமாக்கக் கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு சார்.

பாம்பன்_அக்கா:
தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுக்குத்தானே அண்ணே? நண்டு வலை நாட்டுப்படகுல போய்க்கிட்டுத்தான இருக்கு.
பிள்ளைப்பேறுன்னீங்க. முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா, முதல் ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. எனக்கு 70 நாள் ஆனப்ப, ‘சரக்கு இல்ல, சொல்லி அனுப்புறோம்’னாங்க. சொல்லி அனுப்பவே இல்ல. பிள்ளையோட திரும்பிப் போனா, புது ஆளுன்னு பழக்கக் கூலியில உக்கார வச்சாங்க. மறு மாசமே நானும் ‘அடுத்த கம்பெனிக்கு’ப் போயிட்டேன்.
உங்க ரிஜிஸ்டர்ல எத்தன பொம்பளைக்கு சூப்பர்வைசர்னு பேரு?

மண்டபம்_வியாபாரி:
யாரும் இல்ல. ஒருத்தி கேட்டா. அவளும் இப்ப இல்ல.