நகர விற்பனை வரி உயர்வு: பணம் எங்கே போகும் என்று எழுதி வாங்குவது எப்படி?

கலிஃபோர்னியாவில் சான் வாக்கின் கவுண்டியில் ஒரு சிறு நகரத்தில் ஹார்ட்வேர் கடை நடத்துகிறேன். நகர பட்ஜெட்டில் தொடர்ந்து துண்டு விழுகிறது. அதை அடைக்க விற்பனை வரியை 1 சதவீதம் கூட்டுவதை நவம்பரில் வாக்கெடுப்புக்கு விட நகர மன்றம் யோசிக்கிறது. இப்போது 7.75, நிறைவேறினால் 8.75.

சொத்து வரியில் நகரத்தின் கை கட்டப்பட்டிருப்பது புரிகிறது. 1978-இல் வந்த, சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்த 13-ஆம் முன்மொழிவு என்ற மாநிலச் சட்டம் அப்படி. மளிகைக்கு இந்த வரி இல்லை என்பதும் தெரியும். ஆனால் என் சரக்கு முழுவதற்கும் உண்டு, பக்கத்து ஊர் கொஞ்ச தூரம்தான், வாடிக்கையாளர்கள் அங்கே போய்விடலாம்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். சிக்கல் என்னவென்றால், இதைப் பொது வரியாகக் கொண்டுவருகிறார்கள். பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் போதும், எதற்கும் செலவழிக்கலாம். தீயணைப்புக்கு மட்டும் என்று சட்டப்படி ஒதுக்கினால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பேச்சில் தீயணைப்பு நிலையம் என்கிறார்கள், தீர்மான வரைவில் அந்த உறுதி இல்லை. பெரும்பகுதி நகர ஊழியர்களின் ஓய்வூதிய பாக்கிக்கே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

மன்றக் கூட்டத்தில் கேட்டேன், "பிறகு பார்க்கலாம்" என்றார்கள். பட்ஜெட், தணிக்கை அறிக்கை இரண்டையும் படித்தேன். வரும் ஆண்டுகளுக்கான கணிப்பு இல்லை. அப்புறம் பொது ஆவணக் கோரிக்கை அனுப்பினேன், அவகாசம் கேட்டுப் பதில் வந்தது.

உங்கள் ஊரில் இப்படிப் பொது வரி வந்தபோது, பணம் எதற்குப் போகும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே மன்றத்திடம் எழுத்தில் வாங்க என்ன செய்தீர்கள்?