மறு: 'திராட்டில் ரெஸ்பான்ஸ்' – தமிழில் எப்படி?

> கார் பழுதுநீக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். 'புவர் திராட்டில் ரெஸ்பான்ஸ்' என்று ஓர் அத்தியாயம் வருகிறது. 'நெரிப்பான் மறுமொழிக் குறைபாடு' என்று போட்டிருக்கிறேன். 'மிதித் துலங்கல்' நல்லது என்கிறார் இன்னொருவர். எதை வைக்கலாம்?

வணக்கம் அம்மா,

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் இன்ஜின் எவ்வளவு சட்டென்று கேட்கிறது என்பதுதான் 'திராட்டில் ரெஸ்பான்ஸ்'. பட்டறைக்கு வருகிறவர் 'பிக்கப் இல்லை' என்ற ஒரே புகாரோடுதான் வருவார். அதற்குள் மூன்று வேறு பழுதுகள் ஒளிந்திருக்கும். மிதித்ததும் இன்ஜின் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, பிறகு நன்றாகவே ஓடுவது ஒன்று. மிதித்ததும் கேட்கிறது, ஆனால் மேட்டிலும் ஓவர்டேக் செய்யும்போதும் இழுக்காமல் முக்குகிறது என்பது இன்னொன்று. ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) மளமளவென்று ஏறியும் வண்டி வேகமெடுக்கவில்லை என்றால், பெரும்பாலும் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். உங்கள் அத்தியாயம் முதலாவதைப் பற்றியது. அதன் பெயர் மற்ற இரண்டோடு குழம்பிவிடக் கூடாது.

'நெரிப்பான்' ஆங்கில மூலத்துக்கு நேரானதுதான். கார்புரேட்டர் கால மாருதி 800-இல் மிதியிலிருந்து ஒரு கேபிள் நேரே போய்க் காற்று வழியிலுள்ள தகட்டைத் திருப்பும். கால் அசைந்தால் தகடு அசையும். இன்றைய பெரும்பாலான கார்களில் அந்தக் கேபிள் இல்லை. மிதியில் இரண்டு சென்சார்கள். அவற்றின் வோல்ட்டேஜைப் படித்து, எவ்வளவு திறப்பது என்று இன்ஜினின் கணினியான ஈ.சி.யூ. முடிவுசெய்கிறது, தகட்டைத் திருப்புவது ஒரு சிறு மோட்டார். டீசலில் இன்ஜினின் வலுவைத் தீர்மானிப்பது பீய்ச்சும் எரிபொருளின் அளவு, காற்றை நெரிப்பதல்ல. மின்காரில் தகடே கிடையாது, 'ரெஸ்பான்ஸ்' மட்டும் உண்டு. ஆகவே நெரிப்பதை அந்தத் தகட்டின் பெயரில் மட்டும், 'நெரிப்பிதழ்' என்று, வைத்துக்கொள்ளுங்கள், நிகழ்வுக்கு வேண்டாம்.

'மிதித் துலங்கல்' காருக்குப் பொருந்தும், பைக்குக்குப் பொருந்தாது. அங்கே கையால் அல்லவா திருகுகிறோம்? சேர்த்து எழுதினால் 'மிதித்து' என்று படித்துத் தடுக்கிவிழவும் வாய்ப்புண்டு.

என் பரிந்துரை: முடுக்குத் துலங்கல். ஆக்சிலரேட்டருக்கு 'முடுக்கி' ஏற்கெனவே புழங்குகிறது. காளையையும் முடுக்குகிறோம், திருகாணியையும் முடுக்குகிறோம். மிதிப்பதும் திருகுவதும் அதில் அடங்கிவிடும்.

இனி இந்தச் சொல்லை அத்தியாயத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம். முடுக்குத் துலங்கல் மந்தமானால் முதலில், ஈ.சி.யூ.வில் பதிவான பழுதுக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்ட வேண்டும். பி2138 என்ற கோடு வந்தால், மிதியின் இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று ஒத்துச் சொல்லவில்லை என்று பொருள். பல வண்டிகளில் ஒன்றின் வோல்ட்டேஜ் மற்றதில் பாதியாக இருக்கும். மெதுவாக மிதித்துக்கொண்டே பார்த்தால் எந்த இடத்தில் பிசகுகிறது என்று தெரியும். பி2135 என்றால் அதே முரண் நெரிப்பிதழின் சென்சார்களில். இரண்டுக்குமே கனெக்டரையும் வயரையும் பார்த்த பிறகுதான் புதுப் பாகம் வாங்க வேண்டும்.

பழுதுக் கோடு எதுவும் இல்லையா? ஈ.சி.யூ. எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் எரிபொருள் திருத்த அளவைப் பாருங்கள். ஐடிலில், அதாவது முடுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, அது கூட்டல் பக்கம் மிகுந்து, 2500 ஆர்.பி.எம்.மில் இறங்கிவிட்டால், எங்கோ ஒரு வெடித்த வேக்குவம் குழாய் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. மாறாக லோடு ஏற ஏற அதுவும் ஏறினால், காற்றளவு சென்சாரில் அழுக்கு இருக்கலாம், அல்லது எரிபொருள் அழுத்தம் போதவில்லை. அந்த சென்சாருக்கென்று தனி ஸ்ப்ரே உண்டு. கையில் கிடைத்த கார்புரேட்டர் கிளீனரை அதன்மேல் அடித்துக் கெடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதைக் கையேட்டில் தடித்த எழுத்திலேயே போடுங்கள்.

நெரிப்பிதழின் ஓரத்தில் கரி படிந்தாலும் மிதியின் தொடக்கத்தில் ஒரு தயக்கம் வரும். துடைக்கும்போது சாவி ஆன் நிலையில் இருக்கக் கூடாது. மோட்டார் திடீரென்று தகட்டை மூடினால் விரல் மாட்டிக்கொள்ளும். துடைத்த பின் ஐடில் எகிறினால் பதற வேண்டாம். கரியோடு பழகிய ஈ.சி.யூ.வுக்குச் சுத்தமான தகட்டை ஸ்கேனர் வழியே மறுபடி பழக்கிவிட வேண்டும்.

புகையின் வேகத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டியில் கீழ் ஆர்.பி.எம்.மில் வரும் சிறு தாமதம் இயல்பே. அது முன்பைவிட நீண்டால் மட்டும் காற்று போகும் ஹோஸில் கசிவைத் தேடலாம். சைலன்சர் வழியில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் மேல் ஆர்.பி.எம்.மில்தான் மூச்சு முட்டும். ஆகவே அதை 'இழுவைக் குறைவு' என்ற வேறு தலைப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

—

> ஐயா, 'துலங்கல்' என்றால் விளங்குதல், ஒளிர்தல் அல்லவா? மெக்கானிக் பையனிடம் சொன்னால் விளக்குக் கோளாறு என்று ஹெட்லைட்டைக் கழற்றுவான். 'மறுமொழி' போதாதா?

பையன் பள்ளி அறிவியலில் தூண்டலையும், அதற்கு எழும் எதிர்வினையான துலங்கலையும் படித்துவிட்டுத்தான் வருகிறான். 'மறுமொழி' வாயால் சொல்லும் பதில். கடிதத்துக்கும் மின்னஞ்சலுக்கும் அது இருக்கட்டும். பேச்சில் அவன் 'வண்டி லேட்டா எடுக்குது' என்றே சொல்லட்டும், நமக்கு ஆட்சேபம் இல்லை. கையேட்டின் முதல் வரியிலேயே இரண்டையும் சேர்த்துவிடலாம்:

"வண்டி லேட்டாக எடுக்கிறது (முடுக்குத் துலங்கல் மந்தம்): முடுக்கியை அழுத்தியதும் இன்ஜின் வேகம் உடனே ஏறாமல் தாமதித்து ஏறுதல். தாமதமின்றி ஏறியும் வலு போதவில்லை எனில் 'இழுவைக் குறைவு' பார்க்க."

பழுது கண்டதும் ஈ.சி.யூ. வலுவைக் குறைத்து வண்டியை மெல்ல ஓடவிடும் லிம்ப் மோடுக்கு 'நொண்டி ஓட்டம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா. அதிலும் எனக்குச் சண்டை இருக்கிறது.