புதுப்பிப்பு: வெள்ளை சூட் எம்.பி.யின் கதையைப் படித்து முடித்தாயிற்று

பிரிட்டனில் சுயேச்சை எம்.பி.யாக இருந்த மார்ட்டின் பெல்லின் நினைவுக்குறிப்பைப் பாதி படித்துவிட்டு, ‘கட்சி தயவே இல்லாமல் ஜெயித்த மனிதர்’ என்று போன வாரம் எழுதியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். 1997-இல் டாட்டன் தொகுதியில் லேபர், லிபரல் டெமாக்ரட் ஆகிய இரு கட்சிகளும் தங்கள் வேட்பாளர்களை விலக்கிக்கொண்டுதான் அவருக்கு வழிவிட்டன. சரி, அதற்காக 11,077 வாக்கு வித்தியாசம் சும்மா வந்துவிடுமா? கன்சர்வேடிவ் கட்சியின் கோட்டை அது.

வெள்ளை சூட் பிரசாரத்துக்காகத் தைத்தது என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. பிபிசி போர் நிருபராக இருந்த காலத்திலிருந்தே அவருக்கு அது ராசி உடுப்பு.

சபைக்குள் சுயேச்சைக்குக் கொறடா கிடையாது. எந்தப் பக்கம் வாக்களிப்பது என்று ஒவ்வொரு முறையும் தானே முடிவெடுக்க வேண்டும். எனக்கு அந்தத் தனிமைதான் பிடித்திருந்தது.

அப்புறம், புத்தகம் வந்தது 2000-இல். அடுத்த ஆண்டே டாட்டனை விட்டு பிரென்ட்வுட் அண்ட் ஓங்கர் தொகுதியில் நின்று தோற்ற கதைக்கு அதில் இடமில்லை.