முதல் வாரத்திலேயே நடுங்கும் குஞ்சுகள்: உங்களுக்கும் வந்ததா?

செங்கலடி:
குஞ்சு நடுங்கினால் குளிர், பல்ப்பைக் கூட்டுங்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் அதையே சொன்னார்கள். ஆனால் என் குஞ்சுகளுக்குக் கண் நல்ல தெளிவு, தீன் வைத்தால் கொத்தப் பார்க்கும். எழும்பினால் பக்கவாட்டில் சாய்ந்து, கணுக்காலில் குந்திவிடும். கையில் எடுத்துக் கழுத்தில் விரலை வைத்தால் போன் வைப்ரேட் ஆவது போல ஒரு மெல்லிய அதிர்வு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மிருக வைத்தியர் வந்து கேட்ட முதல் கேள்வி, முட்டை எங்கே எடுத்தது, அந்தத் தாய்க்கோழிகள் இடையில் முட்டை குறைத்தனவா என்பது. விசாரித்தால், ஆம், குறைத்திருக்கின்றன. ஏவியன் என்செஃபலோமைலைட்டிஸ் என்ற வைரஸ் நோய் இது. முட்டையிடும் பருவத்தில் தாய்க்குத் தொற்றினால் தாய் நடுங்காது, முட்டை கொஞ்சம் குறைந்து பழையபடி வந்துவிடும், ஆனால் அந்த மூன்று நான்கு வாரத்து முட்டைகளில் வைரஸ் குஞ்சுக்கு இறங்கிவிடும். அப்படிப் பொரித்தது 7 நாளுக்குள் நடுங்கும். அதன் எச்சத்தால் பக்கத்துக் குஞ்சுக்குப் பிடித்தால் 11 நாள் கழித்துத்தான் தெரியும், எங்கள் கொட்டிலில் இரண்டாம் முறை விழுந்தவை அவைதான். மருந்து கிடையாது, அன்டிபயோடிக்குக்குக் காசைக் கொட்டாதீர்கள். தாய்க்கோழிக்கு முட்டையிடத் தொடங்குவதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே தடுப்பு மருந்து கொடுத்திருக்க வேண்டும், அப்போது மஞ்சள் கருவோடு எதிர்ப்புச் சக்தியும் குஞ்சுக்குப் போகும்.

தம்பிலுவில்:
தம்பி, உங்களுக்காவது உடனே தெரிந்தது. எங்களுக்கு வந்தது லியூகோசிஸ், அதுவும் தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கும் வைரஸ் நோய்தான், உள்ளே கட்டி வரும். முட்டையிடத் தொடங்கும் வயது வரை நன்றாகத்தான் வளர்ந்தன, அப்புறம் கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு துருத்த மெலிந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. வெட்டிப் பார்த்தால் ஈரல் வயிறு முழுக்க வீங்கி, மேலே வெள்ளை வெள்ளையாகக் கட்டி. இதே போலக் கட்டி வரும் இன்னொரு வைரஸ் நோயான மெரெக்ஸ் என்று பக்கத்து வீட்டு அண்ணன் அடித்துச் சொன்னார். ஆனால் மெரெக்ஸ் முட்டை வழியாக வராது, இறகுத் தூசியால் பரவுவது, அதற்கு ஒரு நாள் குஞ்சிலேயே ஊசியும் இருக்கிறது. லியூகோசிஸுக்கு ஊசியே இல்லை. பெரிய பண்ணைகளில் முட்டை வெள்ளைக்கருவைச் சோதித்து, வைரஸ் உள்ள தாயைக் கழித்துவிடுவார்கள். நம் பக்கம் நாலு வீட்டு ஊர்க்கோழி முட்டையை ஒரே இன்குபேட்டரில் போட்டுப் பொரிக்கிறோம், நோய் வந்தால் எந்தத் தாயின் முட்டை என்று எப்படிப் பிடிப்பது? முட்டையில் பென்சிலால் வீட்டுக் குறி போட்டு வைக்கிறவர்கள் யாராவது இருந்தால், குஞ்சு பொரித்த பிறகு எப்படிப் பிரித்து அடையாளம் வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.