வாலிநோக்கம் பக்கம் பள்ளிக்கூடத்துல காத்து மீட்டர்: வைக்கலாமா, வேணாமா?

வாலிநோக்கத்தான்:
எங்க ஊர்ப் பக்கத்து நடுநிலைப்பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வகுப்புக்கு ஒரு மீட்டர் வாங்கித் தரலாம்னு இருக்கோம். காத்துல உள்ள புகை, தூசித் துகளை அளக்குற பிளான்டவர் பி.எம்.எஸ். 5003 சென்சார், அதை ஓட்டிப் பதிவு பண்ண ஒரு இ.எஸ்.பி. 32 போர்டு, சின்ன டிஸ்ப்ளே, அவ்வளவுதான். பள்ளிக்கு மேக்கால சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடுறாங்க. பத்த வெச்சா நாள்கணக்குல புகையும். காத்து திரும்புனா நேரா வகுப்புக்குள்ளதான். பிள்ளைங்க இருமிக்கிட்டே வாய்ப்பாடு சொல்றதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. தேதி, நேரத்தோட பதிவு இருந்தாத்தான் யாருகிட்டயும் பேச முடியும்.

மண்டபம்_ரிப்பேர்:
அண்ணே, நல்ல மனசுதான். ஆனா இந்தக் கடற்கரையில அந்தச் சென்சாரை நம்பாதீங்க. துகள் மேல லேசர் பட்டுச் சிதறுற வெளிச்சத்தை வெச்சுத்தான் அது கணக்குப் போடுது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுனா உப்புத்துகள் தண்ணியை இழுத்து ஊதிரும். மீட்டருக்கு அதுவும் புகையும் ஒண்ணுதான். காலையில பிரேயர் நேரத்துக்கு டிஸ்ப்ளே சிவப்பாகும், பெத்தவங்க பதறுவாங்க, வெயில் ஏறுனதும் தானா இறங்கிரும். ஆடிக்காத்துல பறக்குற மணலையோ பெரும்பாலும் விட்டுரும். 2.5 மைக்ரானுக்கு மேல உள்ள துகள் இந்த வகை சென்சாருக்குச் சரியாப் பிடிபடாது. இல்லாத புகையைக் காட்டும், கண்ணுல விழுற மணலைக் காட்டாது.

வாலிநோக்கத்தான்:
ஈரப்பதத்தையும் அளந்து திருத்தம் போடுவோம் தம்பி. பர்பிள்ஏர்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி விக்கிற காத்து மீட்டருக்குள்ள இருக்கிறதும் பிளான்டவர்தான். அதுக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை திருத்தச் சூத்திரமே வெச்சிருக்கு.

மண்டபம்_ரிப்பேர்:
அது அந்த நாட்டுக் காத்துல அளந்து போட்டது. உப்பளத்துக்குப் பக்கத்துல அப்படியே பொருந்தும்னு எப்படிண்ணே எடுத்துக்குறது?

கணக்கு டீச்சர்:
நானும் இந்த மாவட்டத்துலதான் வேலை பாக்குறேன். ரெண்டு பேரும் புகையை மட்டுமே பேசுறீங்க. எங்க கம்ப்யூட்டர் லேப்ல ஏசிக்காக ஜன்னலை அடைச்சாச்சு. வகுப்பு முடியுறதுக்குள்ள பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டுருவாங்க. வாடைக்காத்து மழையில மத்த வகுப்பும் இதே கதிதான். வெளிக்காத்துல கார்பன் டை ஆக்சைடு 420 பி.பி.எம். (பத்து லட்சத்துல 420 பங்கு) சுமாருக்கு இருக்கும். உள்ள 1000-த்தைத் தாண்டுனா புதுக்காத்து பத்தலைன்னு அர்த்தம். எனக்கு அந்த எண்ணும் வேணும். மூட்டம் புகையுற அன்னைக்கு ஜன்னலைத் திறந்தா புகை, சாத்துனா புழுக்கம். எதைச் செய்யன்னு ஒத்தை மீட்டர் சொல்லாது.

மண்டபம்_ரிப்பேர்:
டீச்சர், அதை வாங்குறப்பவும் கவனம். ரொம்ப மலிவா வர்றது கார்பன் டை ஆக்சைடை அளக்கவே அளக்காது. வேற வாயுக்களைப் பாத்து உத்தேசமா ஒரு எண் போடும். கிருமிநாசினி பாட்டிலைத் திறந்தாலே எகிறும். எஸ்.சி.டி. 41 மாதிரி நேரா அளக்குறதை வாங்குங்க. அதுலயும் ஒரு சிக்கல். அது தன்னைத்தானே சரிபண்ணிக்க, அப்பப்ப வெளிக்காத்து கிடைக்கும்னு நம்பி, பாத்ததுல குறைஞ்ச அளவை 400-னு எடுத்துக்கும். வெளிக்காத்து சரியாப் படாத அடைச்ச அறையிலயே நாள்கணக்குல ஓடுனா, அது பாக்குறது புழுக்கக் காத்தை மட்டும்தானே? அந்தப் புழுக்கத்தையே 400-னு வெச்சுக்கும். அந்த வசதியை நிறுத்திட்டு, அப்பப்ப வெளிய கொண்டுபோய்க் கையால சரிபண்ணணும்.

தொண்டிக்காரி:
மீட்டர் புகையை நிறுத்துமா? என் மகளுக்கு வீசிங். அவ பள்ளியில சத்துணவுக்கூடத்துப் புகைபோக்கி அடைச்சுக் கிடக்கு, மத்தியானம் முழுக்கப் புகை வராந்தாவுலதான் நிக்குது. இதைப் பாக்கச் சென்சார் எதுக்கு? கண்ணு போதும். அந்தக் காசுல புகைபோக்கியைச் சரிபண்ணுங்க, போர்டைத் துடைக்க ஈரத்துணி வாங்கிக் குடுங்க.

வாலிநோக்கத்தான்:
அக்கா, புகைபோக்கி நம்ம வளாகம், நாமளே பாத்துக்கலாம். மூட்டம் அடுத்தவன் பொழப்பு. மழை பொய்ச்ச வருசம் அதுதான் பல வீட்டுக்குக் கஞ்சி ஊத்துது. மூடச் சொல்ல எனக்கு மனசில்ல. எந்தக் காத்துக்கு எத்தனை மணிக்குப் புகை வருதுன்னு காட்டுனா, லீவு நாளாப் பாத்துப் பத்த வைக்கவோ இடத்தைத் தள்ளிப் போடவோ பேசலாம்.

மண்டபம்_ரிப்பேர்:
எந்த எண்ணுக்கு மேல போனா பேசுவீங்க? 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் உள்ள துகளுக்கு, 24 மணிநேர சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல உலக சுகாதார நிறுவனம் 15 மைக்ரோகிராம்ங்குது, நம்ம நாட்டு அளவு 60. அரை மணி நேரப் புகைக்கு ரெண்டுமே அளவு இல்ல.

கணக்கு டீச்சர்:
எண்ணை விடுங்க தம்பி, வித்தியாசத்தைப் பாருங்க. மேக்க உள்ள வகுப்பில ஒண்ணு, கிழக்கு வராந்தாவுல ஒண்ணு. வாங்குனதும் ரெண்டையும் ஒரே மேசையில ஓடவிட்டு ஒத்துப்போகுதான்னு பாத்துக்கணும். பெறகு ரெண்டும் சேர்ந்து ஏறுனா அனேகமா ஈரம், மேக்க மட்டும் ஏறுனா புகை.

மண்டபம்_ரிப்பேர்:
இது சரிதான் டீச்சர். ஆனா உப்புக்காத்துக்கு ஃபேனும் போர்டும் துருப்பிடிக்கும், மாத்தக் காசு ஒதுக்கி வைக்கணும்.

தொண்டிக்காரி:
அப்ப ரெண்டு போதும், வகுப்புக்கு ஒண்ணு எதுக்கு? டீச்சர் கேட்ட கார்பன் மீட்டர் ஒண்ணு சேர்த்துக்கோங்க, மிச்சக் காசு சமையல் புகைக்கு. சம்மதம்னா நானும் பணம் போடுறேன்.

வாலிநோக்கத்தான்:
வகுப்புக்கு ஒண்ணுன்னு சொல்லித்தான்க்கா வசூல் பண்ணிருக்கோம். நம்ம ஆளுங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். அந்தப் புகைபோக்கி போட்டோ இருந்தா அனுப்புங்க.