பையனின் குடியுரிமைப் பதிவு ஐந்து மாதமாக நகரவில்லை, அவசரம்

மழைக்கால்:
வணக்கம். வெளிநாட்டில் பிறந்த பையனை இந்தியக் குடிமகனாகப் பதியச் சொல்லி விண்ணப்பித்து ஐந்து மாதம் ஆகிறது. இணையத்தில் பார்த்தால் ‘பரிசீலனையில்’ என்றே நிற்கிறது. தூதரகத்துக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. மெயில் அனுப்பினால் ‘கோப்பு டெல்லியில் இருக்கிறது’ என்று ஒரு வரி பதில். மே மாதம் ஊரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். பாஸ்போர்ட் இல்லாமல் பேரனை எப்படிக் கூட்டிப் போவது? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்காற்று:
எந்த நாடு? பையன் பிறந்த தேதி? நீங்கள் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட்டா? எப்போது விண்ணப்பித்தீர்கள்? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

ஒற்றைப்பெயர்:
பெயர்தான் சிக்கல், பந்தயம் கட்டுகிறேன். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது. உங்கள் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், பையனின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் அங்கே ஏறியிருக்கும். என் மகளுக்கு இதே கதைதான். ‘ஒரே நபர்தான்’ என்று மூன்று முறை உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன்.

பழம்பெருச்சாளி:
இதே கேள்விக்கு இங்கே முப்பது முறையாவது பதில் எழுதியிருப்பேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டம், பிரிவு 4. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை. கோப்பு டெல்லிக்குப் போயிருக்கிறது என்றால் நீங்கள் ஒரு வருடத்தைத் தாண்டியிருக்கிறீர்கள். அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

மழைக்கால்:
ஆமாம், தாண்டிவிட்டது. ஜெர்மனி. பிறந்தது 2024 ஆகஸ்ட் 9. இருவரும் இந்தியப் பாஸ்போர்ட். பிறப்புச் சான்றிதழ் கொடுக்க எங்கள் கல்யாணச் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும் என்று ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள். அதிலேயே பதினொரு மாதம் போனது. அப்புறம் 2025 செப்டம்பரில்தான் விண்ணப்பிக்க முடிந்தது. இதில் என் தப்பு என்ன?

தேநீர்வேளை:
பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்தில் (வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அத்தாட்சி முத்திரை) வாங்கினீர்களா? அது இல்லாமல் டெல்லியில் கோப்பைத் தொடவே மாட்டார்கள்.

பழம்பெருச்சாளி:
@தேநீர்வேளை, தெரியாததைச் சொல்லிக் குழப்பாதீர்கள். இந்தியா அப்போஸ்தில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்தது. அந்தக் காகிதத்தால் இங்கே பயனில்லை. சான்றிதழைச் சரிபார்க்க ஆள் அனுப்பியதும் அதனால்தான்.

கடல்காற்று:
சரி, இன்னும் இரண்டு கேள்வி. நீங்களோ மனைவியோ ஜெர்மனிக்கு எப்போது வந்தீர்கள்? பையன் பிறந்தபோது யாருக்காவது நிரந்தரக் குடியிருப்பு அனுமதி இருந்ததா?

மழைக்கால்:
நான் 2018இல் வந்தேன். 2022இல் பிஆர் கிடைத்தது. பையனுக்கு இன்னும் விசா அட்டைகூட இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டால், தேவையில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது. என் ஜெர்மன் அந்த லட்சணம்.

கடல்காற்று:
நண்பரே, உட்கார்ந்து படியுங்கள். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனியில் சட்டம் மாறிவிட்டது. பெற்றோரில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி அங்கே வாழ்ந்து, நிரந்தர அனுமதியும் வைத்திருந்தால், அங்கே பிறக்கும் குழந்தை பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன். முன்பு எட்டு வருடம். உங்கள் பையன் பிறந்தது ஆகஸ்டில். ‘தேவையில்லை’ என்று அவர்கள் சொன்னது சரிதான், சொந்த நாட்டில் இருக்க எதற்கு விசா? பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்க வேண்டும். வீட்டில் தேடுங்கள்.

ஒற்றைப்பெயர்:
அந்தக் கடிதத்திலாவது பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

தேநீர்வேளை:
அப்படியென்றால் இந்தியப் பதிவு கிடைக்கவே கிடைக்காதே. இரட்டைக் குடியுரிமைக்கு இந்தியாவில் இடமில்லை.

நிலவன்:
அது அவ்வளவு எளிதல்ல சார். பெற்றோர் கொடுக்கும் உறுதிமொழியில் ‘வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை’ என்றுதான் இருக்கிறது. குடியுரிமை வேறு, பாஸ்போர்ட் வேறு. பிரிவு 4(1A)ஐப் படியுங்கள். இரண்டு நாட்டுக் குடியுரிமையும் உள்ள குழந்தை 18 வயது முடிந்து ஆறு மாதத்துக்குள் மற்றதைத் துறக்காவிட்டால்தான் இந்தியக் குடியுரிமை போகும். அப்படிப்பட்ட குழந்தைகள் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

தேநீர்வேளை:
பிரிவு 9 என்று ஒன்று இருக்கிறதே? வேறு நாட்டுக் குடியுரிமை வந்த அன்றே இது போய்விடும்.

நிலவன்:
பிரிவு 9 தானாக விரும்பிப் பெறுவதைப் பற்றியது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எங்கே போய் விரும்பிப் பெற்றது?

பழம்பெருச்சாளி:
இருவரும் தனி இழை தொடங்கி அடித்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு வேண்டியது இது. தூதரகத்திடம் உள்துறை அமைச்சகத்தின் கோப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைத்தால் இணையத்தில் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமை மனு போடலாம், வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களும் போடலாம். தூதரகம் பதில் சொல்லவில்லை என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகார். கோப்பு எண் இல்லாமல் எங்கே எழுதினாலும் குப்பைக்குத்தான் போகும்.

கடல்காற்று:
மே மாதம்தான் முக்கியம் என்றால் வேறு வழியும் உண்டு. பையன் ஜெர்மன் குடிமகன்தான் என்று உறுதியானால் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கி இந்திய விசாவில் ஊருக்குப் போகலாம், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) அப்புறம். ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிய பிறகு நீங்கள் கொடுத்த உறுதிமொழி நிற்காது. இரண்டில் ஒன்று என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், மனைவியிடமும் பேசிவிட்டு.

தேநீர்வேளை:
ஓசிஐக்கு ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. பிள்ளையின் எதிர்காலத்தையும் யோசியுங்கள்.

நிலவன்:
ஒன்றரை வயதுப் பிள்ளை நிலம் வாங்கத்தான் காத்திருக்கிறதா?

(ஒன்பது நாள் கழித்து)

மழைக்கால்:
கடிதம் கிடைத்தது. குழந்தை உதவித்தொகைக் காகிதம் என்று நினைத்து அந்த ஃபைலிலேயே செருகி வைத்திருந்தேன். மூன்றாவது வரியில் ‘டாய்ச்ச ஷ்டாட்ஸ்ஆன்கெஹோரிக்கைட்’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. பையன் ஜெர்மன்காரன். இந்திய விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவதாக எழுதிவிட்டோம், நாளை பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கிறோம். கடல்காற்றுக்கு நன்றி.

ஒற்றைப்பெயர்:
பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்ன போடப் போகிறீர்கள்?

கடல்காற்று:
வாபஸ் கடிதத்துக்குப் பதில் வந்ததா? வந்தால் இங்கே ஒரு வரி போடுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

ஒற்றைப்பெயர்:
@மழைக்கால்?