புதுப்பிப்பு: இடது பக்கம் இழுத்த கார் இப்போது நேராக ஓடுகிறது

லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு கீழே இணைக்கும் கை), டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை) இரண்டு பக்கமும் மாற்றி அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்த பிறகும் கார் இடது பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா, அது சரியாகிவிட்டது.

பெங்களூரு பொம்மனஹள்ளியில் வேறொரு கடைக்குப் போனேன். அந்த அண்ணன் அலைன்மென்ட் மெஷினைத் தொடவே இல்லை, முதலில் காற்றைப் பார்த்தார்: வலது முன்சக்கரத்தில் 33 psi, இடதில் 26! அப்புறம் அடியில் படுத்து, லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மை வண்டியோடு இணைக்கும் இடத்திலுள்ள ரப்பர்) போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே மறுபடி முறுக்கினார். சக்கரத்தைத் தொங்கவிட்டு முறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும் என்றார். முந்தைய கடையில் ஒரு பக்க டை ராடை மட்டும் திருப்பி டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவை)ச் சரிக்கட்டியிருக்கிறார்கள், ஸ்டீயரிங் கோணலானது அதனால்தான். இவர் ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பினார். என் வண்டியில் கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின் சாயும் கோணம்) மாற்ற வழியே இல்லை, டோ மட்டும்தான்.

நேற்று எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் 80-இல் போனேன், கை லேசாக வைத்தாலே போதும், நேராகப் போகிறது. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.